பழைய பைக்கின் செல்ஃப் மோட்டார்: கார்பன் மாற்றினால் போதுமா, புது மோட்டார் போட வேண்டுமா?

அப்பாவின் பைக் 2009 மாடல், 150 சிசி. பொள்ளாச்சிப் பக்கம் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் தினமும் நாலு நடை போய்வரும் வண்டி. போன ஐப்பசி மழைக்குப் பிறகுதான் முதலில் கவனித்தோம். காலையில் ஸ்விட்சை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. மூன்றாவது நான்காவது முறை அழுத்தும்போது சோம்பலாகச் சுற்றி ஸ்டார்ட் ஆகும். கிக்கர்தான் இருக்கிறதே என்று நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அப்பாவுக்கு வலது முழங்கால் தேய்ந்து மூன்று வருடமாகிறது. கிக்கரை உதைக்க அவரால் முடியாது. தை மாதத்தில் ஒரு நாள் தோட்டத்தில் வண்டி எடுக்கவே இல்லை. பக்கத்துத் தோட்டத்துப் பையன் வந்து உதைத்துக் கொடுக்கும்வரை வரப்பில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் சொல்லவில்லை, அந்தப் பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்கப்புறம் வண்டியை எடுப்பதையே குறைத்துக்கொண்டார். இருபது வயதுக்காரனுக்கு செல்ஃப் ஒரு வசதி. அப்பாவுக்கு அது இல்லையென்றால் வண்டியே இல்லை.

டவுனில் ஒரு கடையில் காட்டினேன். ஸ்விட்சை இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "தம்பி, மோட்டார் போயிருச்சுங்க, புதுசு போட்டுக்கலாமுங்க" என்றார். இன்னொரு கடையில், "கார்பன் மாத்தினாப் போதுங்க, சல்லிசா முடிஞ்சிரும்" என்றார்கள். மோட்டாருக்குள் சுற்றும் பாகத்தை உரசிக்கொண்டே அதற்குக் கரண்ட் கொடுக்கும் சின்னக் கட்டைதான் கார்பன். இரண்டு பேருமே மோட்டாரைக் கழற்றிப் பார்க்கவில்லை. இதுதான் சிக்கல். ரிப்பேரா புதுசா என்ற கேள்விக்குப் பதில் மோட்டாருக்கு உள்ளே இருக்கிறது. விலைப்பட்டியலைப் பார்த்து முடிவு செய்தால், நல்ல மோட்டாரைத் தூக்கி எறிவோம், இல்லாவிட்டால் செத்த மோட்டாருக்குச் செலவு செய்வோம்.

முதலில், கோளாறு மோட்டாரில்தானா?

செல்ஃப் எடுக்காததற்கு மோட்டாரைவிடப் பாட்டரியும், ஸ்விட்சை அழுத்தியதும் பாட்டரிக் கரண்டை மோட்டாருக்குத் திறந்துவிடும் ரிலேயும், எர்த் ஒயரும்தான் அதிகம் காரணமாகின்றன. ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் பத்து நிமிடத்தில் பிரித்துவிடலாம்.

நல்லா சார்ஜ் ஏறிய பாட்டரி வண்டி நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்டும். மீட்டரைப் பாட்டரியிலேயே வைத்துக்கொண்டு ஸ்விட்சை அழுத்துங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பாட்டரி பலவீனம், அல்லது மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கிறது. நண்பர் வண்டியிலிருந்து நல்ல பாட்டரியை வாங்கி வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். 2017 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளில் ஹெட்லைட்டுக்குத் தனி ஸ்விட்ச் உண்டு. அதை அணைத்துவிட்டு சோதியுங்கள். அதற்குப் பின் வந்தவற்றில் ஹெட்லைட் எப்போதும் எரிய வேண்டும் என்பது சட்டம் என்பதால் அந்த ஸ்விட்ச் கிடையாது.

அப்பா வண்டியில் நடந்தது வேறு. 'டக்' சத்தம் வந்தபோது பாட்டரி 12.5-லிருந்து 12.3-க்குத்தான் இறங்கியது. பார்க்க நல்ல செய்தி மாதிரி இருக்கும். செல்ஃப் மோட்டார் சுற்ற ஆரம்பிக்கும்போது பல பத்து ஆம்பியர் இழுக்கும். பாட்டரி வோல்ட் பளிச்சென்று இறங்கியே ஆக வேண்டும். இறங்கவில்லை என்றால் கரண்ட் எங்கோ போகாமல் நிற்கிறது. மீட்டரின் சிவப்பு முனையை மோட்டாரின் தடி ஒயர் போல்ட்டிலும், கறுப்பை மோட்டார் உடம்பிலும் வைத்து அழுத்தினேன். 12.2 வோல்ட். ரிலே வழியாகக் கரண்ட் மோட்டார் வாசல்வரை வந்து நிற்கிறது, உள்ளே நுழையவில்லை. அங்கே வோல்ட் வராமல் இருந்திருந்தால் ரிலேயின் காண்டாக்ட் கருகியிருக்கும், அல்லது எர்த் துருப்பிடித்திருக்கும். மோட்டாரைத் தொடவே வேண்டியிருக்காது. ஒன்று மட்டும் கவனம்: மீட்டரை ஆம்பியரில் வைத்து செல்ஃப் கரண்டை அளக்கப் பார்க்காதீர்கள். பெரும்பாலான கை மீட்டர்கள் 10 ஆம்பியர்தான் தாங்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஸ்விட்சை அழுத்தினால் மோட்டார் 'விர்ர்' என்று வேகமாகச் சுற்றுகிறது, என்ஜின் அசையவில்லை என்றால் மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. போனது, மோட்டாரின் சுழற்சியை என்ஜினுக்குக் கடத்தும் ஒன்வே கிளட்ச். புது மோட்டார் போட்டாலும் அதே 'விர்ர்'தான் வரும்.

திறந்து பார்த்தது

பாட்டரி நெகட்டிவை முதலில் கழற்றிவிட வேண்டும். பாட்டரியிலிருந்து ரிலேவுக்கு வரும் தடி ஒயரில் பொதுவாக ஃபியூஸ் இருக்காது, ஸ்பேனர் பட்டால் தீப்பொறி பறக்கும். எங்கள் தெரு முனையில் டைனமோ, செல்ஃப் மோட்டார் மட்டுமே பார்க்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். மோட்டாரைக் கழற்றிக்கொண்டு அவரிடம் போய், "அண்ணா, நானும் பக்கத்துல இருந்து பார்க்கட்டுங்களா?" என்றேன். "பாருங்க தம்பி" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

திறப்பதற்கு முன் இரண்டு பக்க மூடிக்கும் நடு உடம்புக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டார். திருப்பி மாட்டும்போது கோடுகள் நேராக நின்றால் போதும். இரண்டு நீள போல்ட்டைக் கழற்றி மூடியை இழுத்ததும் கறுப்புப் பொடி கொட்டியது, கால் டீஸ்பூன் இருக்கும். எல்லாம் கார்பன் தேய்ந்த தூள். உள்ளே சுற்றும் சுருள் பாகமான ஆர்மேச்சரின் தண்டில் இரு முனையிலும் மெல்லிய வாஷர்கள் இருந்தன. எந்தப் பக்கம் எத்தனை என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி, அதன் மேலேயே வைத்தார். இது மாறினால் தண்டு முன்னும் பின்னும் ஆடும்.

கார்பனைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. புதிதில் 11 மில்லிமீட்டர் இருந்திருக்க வேண்டியது 4-ல் நின்றது. அவ்வளவு குட்டையானால் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கால் அதைக் காமுடேட்டர் என்ற செம்பு உருளை மேல் அழுத்திப் பிடிக்க முடியாது. தொட்டும் தொடாமலும் நிற்கும். சில நேரம் கரண்ட் போகும், சில நேரம் போகாது. மோட்டாரை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மெல்லத் தட்டினால் ஸ்டார்ட் ஆகிவிடும் என்பார்களே, அதற்கும் இதுதான் காரணம். ஆனால் ஸ்பேனராலோ கல்லாலோ தட்டாதீர்கள். உள்சுவரில் ஒட்டியிருக்கும் காந்தங்கள் ஃபெர்ரைட், பீங்கான் மாதிரி விரிசல் விடும்.

கார்பன் தேய்வது அதன் வேலை. தேய்வதற்கென்றே செய்த பொருள் அது. பாதிக்குமேல் தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான், அதற்காக மோட்டாரே முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. முடிவைத் தீர்மானிக்கிறது அடுத்து பார்த்த நான்கு விஷயங்கள்.

முதலாவது காமுடேட்டர். கார்பன் உரசும் அந்தச் செம்பு உருளை. சீரான காப்பிப் பழுப்பு நிறத்தில் வழுவழுப்பாக இருந்தால் ஆரோக்கியம். விரல் நகத்தைக் குறுக்கே இழுக்கும்போது பள்ளத்தில் சிக்கினால் லேத்தில் லேசாகக் கடைய வேண்டும். செம்புப் பட்டைகளுக்கு நடுவே இருக்கும், கரண்ட் கடத்தாத மைக்கா செம்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். சமமாக வந்துவிட்டால் கார்பன் துள்ளும், பொறி பறக்கும். ஏதாவது ஒரு பட்டை மட்டும் கருகியிருந்தால் அதோடு சேர்ந்த சுருள் அறுந்திருக்கிறது என்று பொருள். அண்ணா பழைய ஹாக்ஸா பிளேடைச் சீவி மெல்லியதாக்கி, ஒவ்வொரு இடுக்கிலும் இழுத்துச் சுத்தம் செய்தார். அப்புறம் நைஸ் உப்புத்தாளால் ஒரு சுற்று. எமரி ஷீட் வேண்டாம் என்றார். அதன் துகள் இடுக்கில் சிக்கிக்கொள்ளும், அது கரண்டையும் கடத்தும்.

இரண்டாவது ஆர்மேச்சர். பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளுக்கு இடையே கரண்ட் ஓட வேண்டும், பட்டைக்கும் தண்டுக்கும் இடையே துளியும் ஓடக் கூடாது. தண்டுக்கு ஓடினால் சுருள் பாடியைத் தொட்டுவிட்டது. அந்த ஆர்மேச்சர் அவ்வளவுதான்.

மூன்றாவது காந்தங்கள், அசையாமல் ஒட்டியிருக்கின்றனவா என்று. நான்காவது புஷ், தண்டைத் தாங்கும் வளையம். தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் தெரியும். புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் சாய்ந்து காந்தத்தில் உரசும். உரசினால் வேகம் குறையும். இந்த மாதிரி மோட்டாரில் வேகம் குறையக் குறையக் கரண்ட் கூடும். சுற்றும் வேகம்தான் எதிர் வோல்ட்டை உண்டாக்கிக் கரண்டைக் கட்டுக்குள் வைக்கிறது. அதனால் மெதுவாகச் சுற்றும் செல்ஃபை 'எப்படியோ எடுக்குதே' என்று ஓட்டிக்கொண்டே இருந்தால், பாட்டரியும் ரிலே காண்டாக்டும் சேர்ந்து போகும்.

அப்பா மோட்டாரில் காமுடேட்டர் நகத்தில் சிக்கவில்லை. காந்தங்கள் உறுதி. புஷ் கொஞ்சம் ஆடியது. இடைவெளியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங் காய்ந்து வெடித்திருந்தது, மழைத் தண்ணீர் போனதற்கான துரு உள்சுவரில் ஒரு பக்கம் படிந்திருந்தது. "92,000 ஓடின வண்டிக்கு இது நல்ல மோட்டாருங்க தம்பி" என்றார் அண்ணா. எனக்கு முதல் கடைக்காரர் சொன்ன புது மோட்டார் ஞாபகத்துக்கு வந்தது.

ரிப்பேர் என்றால் எந்த ரிப்பேர்?

ரிப்பேர் என்று சொல்லிவிட்டால் போதாது, அதற்குள்ளேயே நல்லதும் கெட்டதும் இருக்கிறது. கார்பனை மட்டும் வாங்கி, பழைய ஹோல்டரில் சால்டர் வைத்து ஒட்டுவது மலிவு. ஆனால் அந்த இணைப்பில் பெரிய கரண்ட் போகிறது, நீண்ட நேரம் அழுத்தினால் சூடேறிச் சாதாரண ஈயம் இளகும். கார்பன், ஸ்பிரிங், ஹோல்டர் எல்லாம் ஒரே தட்டாக வரும் செட் உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஸ்பிரிங்கும் சூட்டில் பலம் இழந்திருக்கும், அதுவும் புதிதாகிவிடும்.

இதைவிட மோசமான குறுக்குவழி ஒன்று இருக்கிறது: மிக்ஸியின் கார்பனை அரத்தால் ராவி அளவாக்கிப் போடுவது. பொருந்தும், முதல் நாள் ஓடவும் ஓடும். ஆனால் மிக்ஸி 230 வோல்ட்டில் சில ஆம்பியரில் ஓடுகிற சாமான். செல்ஃப் மோட்டார் 12 வோல்ட்டில் அதைப்போலப் பல மடங்கு ஆம்பியர் கேட்கும். அதனால்தான் செல்ஃப் கார்பனில் செம்புத் தூள் கலந்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய செம்புப் பளபளப்பு தெரியும். மிக்ஸி கார்பன் கரிக்கட்டை மாதிரி கறுப்பு. அண்ணா இரண்டையும் என் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எடையிலேயே வித்தியாசம் தெரிந்தது. 'கார்பன் மாத்தினேன், மூணு மாசத்துல திரும்பவும் போச்சு' என்று சொல்கிறவர்களில் சிலருக்காவது நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஆன செலவு: கார்பன் தட்டு 280 ரூபாய், புஷ், ஓ ரிங், ஆயில் சீல் சேர்த்து 150, கூலி 350. மொத்தம் 780. அதே வண்டிக்கு லோக்கல் புது மோட்டார் 1,400 என்றும், கம்பெனி மோட்டார் 3,600 என்றும் சொன்னார்கள். இது எங்கள் ஊரில் எனக்குச் சொன்ன விலை. மாடலைப் பொறுத்து மாறும். ஆனால் ஏறக்குறைய இந்த இடைவெளிதான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

புதுசு எப்போது சரி?

என் மச்சான் வண்டியை வைத்துச் சொல்கிறேன். 2014 மாடல், கிக்கரே கிடையாது. அவருக்கும் இதே மாதிரி 'டக்', ஆனால் பாட்டரி 7 வோல்ட் வரை விழுந்தது, நல்ல பாட்டரி வைத்தும் அப்படியே. திறந்தால் ஒரு காந்தம் பசை விட்டுக் கழன்று ஆர்மேச்சரோடு சிக்கியிருந்தது. ஆர்மேச்சர் சுருளில் உரசிய தடம், ஒரு பட்டை கருகல், என்ஜின் பக்கத்துச் சீல் போய் ஆயிலும் கார்பன் தூளும் கலந்து கறுப்புச் சேறு. காந்தத்தை எபாக்ஸி போட்டு ஒட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். ஒட்டலாம்தான், ஆனால் முன்பிருந்த இடத்திலிருந்து கொஞ்சம் விலகினாலும் ஆர்மேச்சரில் மறுபடி உரசும், சூட்டில் மறுபடி கழன்றால் வண்டி நடு ரோட்டில் நிற்கும். கிக்கர் உள்ள வண்டியானால் அந்த ஆபத்தை எடுக்கலாம். இவர் இரவு ஷிப்ட் முடித்துத் தனியாக வருகிறவர். பெட்ரோலைப் பாட்டரிக் கரண்டால் செலுத்தும் இன்ஜெக்ஷன் வண்டி என்பதால் பாட்டரி இறங்கிவிட்டால் இரண்டாவது கியரில் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் நடக்காது. யோசிக்காமல் புதுசு போடச் சொன்னேன்.

புதுசிலும் எதை? 1,400-க்கும் 3,600-க்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. பைக் கம்பெனிகள் பெரும்பாலும் செல்ஃப் மோட்டாரை வெளியே வாங்குகின்றன. சென்னை பாடியில் இருக்கும் லூகாஸ் டிவிஎஸ், ஜப்பானின் மிட்சுபா, டென்சோ மாதிரியான மின்சாதனக் கம்பெனிகள் செய்கின்றன. உங்கள் பழைய மோட்டாரின் உடம்பில் யார் பெயர் இருக்கிறது என்று துடைத்துப் பாருங்கள். அதே கம்பெனி தன் சொந்தப் பெட்டியில் விற்றால், பைக் கம்பெனிப் பெட்டியைவிடக் குறைவாகக் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

பெயர் தெரியாத லோக்கல் மோட்டாரை நான் அப்படியே ஒதுக்கிவிடவில்லை. ஆனால் பழைய மோட்டாரைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். தண்டு முனையில் இருக்கும் பல்லை எண்ணுங்கள், ஒரு பல் வித்தியாசம் இருந்தாலும் உள்ளே கியரைத் தின்றுவிடும். சுற்றும் திசை ஒன்றா என்று கடைக்காரரின் பாட்டரியில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒயர் போல்ட் இருக்கும் கோணம் மாறினால் ஒயர் சைலன்சரை ஒட்டிப் போகும். அப்புறம் இரண்டு கையிலும் ஒவ்வொன்றைத் தூக்கிப் பாருங்கள். புதியது கணிசமாக இலேசாக இருந்தால் உள்ளே செம்பிலோ இரும்பிலோ மிச்சம் பிடித்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், நல்ல காமுடேட்டர் உள்ள பழைய ஒரிஜினல் மோட்டாரில் நல்ல கார்பன் போடுவது, பெட்டி பிரிக்காத மட்டமான புது மோட்டாரைவிட மேல்.

ரீவைண்டிங், பழைய சாமான் கடை

கோயம்புத்தூர் பக்கம் கிணற்று மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் பஞ்சமே இல்லை என்பதால், இதையும் கட்டித் தரச் சொல்லலாமே என்று தோன்றும். நான் வேண்டாம் என்பேன். பைக் ஆர்மேச்சர் சின்னது. கம்பியின் கனமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் துல்லியமாக இருக்க வேண்டும், வேகத்தில் சுருள் வெளியே பிதுங்காமல் வார்னிஷ் இறுக வேண்டும், முனைகளைக் கையால் சால்டர் செய்தால் சூட்டில் ஈயம் தெறிக்கும். கூலியும் லோக்கல் புது மோட்டார் விலையை நெருங்கிவிடும். சாமானே வராமல் நின்றுபோன மாடல் என்றால் மட்டும், இதைத் தொடர்ந்து செய்கிறவராகத் தேடிப் போங்கள்.

சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் கழற்றிய மோட்டார் வாங்குவதும் ஒரு வழி. உள்ளே எப்படி இருக்கிறது என்று தெரியாமல் வாங்கினால் அது சீட்டாட்டம். ஆனால் திறந்து பார்க்க விடும் கடையாக இருந்தால், உங்கள் ஆர்மேச்சர் நன்றாக இருந்து காந்த உடம்பு மட்டும் போயிருந்தால், இதைவிட நல்ல வழி இல்லை. அதே மாடலின் உடம்பை வாங்கி உங்கள் ஆர்மேச்சரை உள்ளே விட்டுக்கொள்ளலாம்.

எத்தனை வருடத்துக்கு?

அப்பா வண்டி 2024-ல் 15 வருடம் முடித்து ஆர்.சி. புதுப்பித்தது, அடுத்த புதுப்பிப்பு 2029-ல். அதற்கப்புறம் அவர் ஓட்டுவாரா, வண்டியை வைத்துக்கொள்வோமா என்று தெரியாது. அதுவரை இந்த மோட்டார் வந்தால் போதும். நல்ல கார்பன் அந்த ஓட்டத்துக்குத் தாங்கும் என்று அண்ணா சொன்னார். மச்சானோ இன்னும் குறைந்தது ஏழெட்டு வருடம் அந்த வண்டியில்தான் வேலைக்குப் போவேன் என்கிறார்; அவருக்கு 3,600 பெரிய பாரமில்லை. என் கணக்கு இப்படி: கிக்கர் இருக்கிறது, காமுடேட்டரும் காந்தமும் நன்றாக இருக்கின்றன என்றால் ரிப்பேர். காமுடேட்டர் கருகியோ, சுருள் பாடியைத் தொட்டோ, காந்தம் கழன்றோ இருந்தால் புதுசு. பழுது இடைப்பட்டதாக இருந்து, கிக்கரும் இல்லையென்றால் புதுசின் பக்கம் சாய்வேன்.

அண்ணா மோட்டாரை மூடியபின், போல்ட் மாட்டும் காதுப் பகுதியை வைஸில் பிடித்து (உடம்பைப் பிடித்தால் காந்தம் உடையும்) தடி ஒயரால் பாட்டரியைத் தொட்டுக் காட்டினார். ஒரு உதறல், அப்புறம் சீரான ஓசை, இரண்டே வினாடி. லோடு இல்லாமல் அதற்குமேல் ஓட விடக் கூடாதாம். ஓ ரிங்கில் கிரீஸ் தடவி மாட்டினோம். புதுக் கார்பன் காமுடேட்டரின் வளைவுக்குப் படியும்வரை முதல் சில நாள் ஒவ்வொரு தடவையும் மூன்று நான்கு வினாடிக்குமேல் அழுத்த வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னார்.

மச்சானுக்கு ஒன்று சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். புது மோட்டார் போட்டாலும் பழையதைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். அவருடைய மோட்டாரில் ஆர்மேச்சரும் காந்தமும்தான் போயின. பின்பக்க மூடியும் நீள போல்ட்டுகளும் இன்னும் நல்ல நிலையில் இருக்கின்றன. ஒரு டப்பாவில் போட்டு, வண்டி நம்பரையும் மாற்றிய தேதியையும் எழுதிப் பரண் மேல் வைத்திருக்கிறோம்.